கள்ளிக்கும் சக்குலன்டுக்கும் தண்ணீர் ஊற்றுவது எப்படி?

நர்சரியில் கள்ளிச் செடியோ, சக்குலன்டு எனப்படும் சதைப்பற்றுள்ள, நீரைச் சேமித்து வைக்கும் செடியோ வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே. வாரத்துக்கு ஒருமுறை ஒரு மூடி ஊற்றினால் போதும் என்று கடைக்காரரும் சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தப் பதிலில் நாள்கணக்கும் தவறு, மூடிக்கணக்கும் தவறு. இரண்டங்குலத் தொட்டியில் உள்ள ஒரு செடியின் மண் மே மாதத்து மொட்டை மாடியில் இரண்டே நாளில் காய்ந்துவிடும். அதே செடியை எட்டங்குலப் பீங்கான் தொட்டியில் வைத்து நவம்பர் அடைமழைக் காலத்தில் வராந்தாவில் நிறுத்தினால், மூன்று வாரம் கழித்தும் அடிமண் ஈரமாகவே இருக்கும். ஆகவே நாளை எண்ணுவதை விட்டுவிட்டு, தொட்டியின் அடிவரை மண் காய்ந்துவிட்டதா, செடி இப்போது நீரை உறிஞ்சும் நிலையில் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்கப் பழக வேண்டும். இரண்டுக்கும் விடை ஆம் என்றால், ஒரு மூடி போதாது. தொட்டியின் அடித்துளை வழியே ஒழுகும்வரை தாராளமாக ஊற்றலாம்.

தண்ணீர் மிகுந்தால் கள்ளி அழுகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் அழுகுகிறது என்பது தெரிந்தால்தான் மற்றவை விளங்கும். வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் நிற்கும் காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றியதும் அந்த இடைவெளிகள் நீரால் நிரம்புகின்றன; பருமணலும் சிறுகற்களும் கலந்த மண்ணாக இருந்தால், பெரிய இடைவெளிகளில் உள்ள நீர் சில நிமிடங்களில் வடிந்து, அந்த இடத்தில் புதுக் காற்று புகுந்துவிடும். களிமண்ணாகவோ தூள் நிறைந்த கலவையாகவோ இருந்தால் நீர் அங்கேயே நின்றுவிடும். நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு என்பதால், நுண்வேர்கள் முதலில் இறக்கின்றன. இறந்த வேரின் வழியே மண்ணில் உள்ள பூஞ்சை வகை நோய்க்கிருமிகள் நுழைந்து, மெல்ல மேலேறித் தண்டின் அடியைத் தொடுகின்றன. தண்டு கொழகொழவென்று ஆன பிறகே அது நம் கண்ணில் படுகிறது. வேர் அதற்கு வெகு நாட்களுக்கு முன்பே போயிருக்கும். ஒரே நாளில் எவ்வளவு ஊற்றினோம் என்பதைவிட, ஊற்றியது எத்தனை நாள் மண்ணில் தங்குகிறது என்பதே செடியின் உயிரைத் தீர்மானிக்கிறது.

கள்ளிகள் பிறந்த இடத்தில் மழை எப்படிப் பெய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்துள்ள சொனோரன் பாலைவனத்தில் வளரும் சகுவாரோ என்ற நெடுங்கள்ளிக்குக் கோடை மழை துளித்துளியாக வருவதில்லை. பல வாரம் வறண்டு கிடந்த நிலத்தில் திடீரென்று கொட்டித் தீர்த்துவிட்டு மழை போய்விடும். நிலம் சில நாளில் மீண்டும் காய்ந்துவிடும். அந்தக் குறுகிய காலத்துக்குள் குடித்துவிட வேண்டும் என்பதால் சகுவாரோவின் வேர்களில் பெரும்பாலானவை சில அங்குல ஆழத்திலேயே நாலாபுறமும் வெகுதூரம் பரவியிருக்கின்றன. நிலம் நனைந்த ஓரிரு நாளில் பழைய வேர்களிலிருந்து மழைவேர்கள் எனப்படும் மெல்லிய புதுவேர்கள் கிளம்பி நீரை இழுக்கின்றன. நிலம் காய்ந்ததும் அவை உதிர்ந்துவிடுகின்றன. தண்டில் நெடுக ஓடும் மடிப்புகள் நீர் ஏற ஏற விரிந்து, வறட்சியில் மீண்டும் சுருங்குகின்றன. முழுதாக நனைவதும் பிறகு முழுதாகக் காய்வதும் மாறிமாறி வருகிற இந்த வாழ்க்கையைத்தான் தொட்டியில் நாம் திரும்ப அமைத்துக் கொடுக்க வேண்டும்.

மூடிக்கணக்கு ஏன் தவறு என்பதும் இங்கேதான் புரிகிறது. ஒரு மூடித் தண்ணீர் மேல்மண்ணில் அரை அங்குலத்தை நனைத்துவிட்டு நின்றுவிடும். அடியில் உள்ள வேர்கள் நீர் காணாமல் காய்ந்து சாகும். மேலே உள்ள சில வேர்கள் மட்டும் எப்போதும் அரை ஈரத்தில் கிடக்கும். தண்ணீரில் கரைந்துள்ள உப்பு வெளியேற வழியின்றி மேல்மண்ணிலேயே சேர்ந்துவிடும். அதிகம் ஊற்றவில்லையே, பிறகும் ஏன் செடி சுருங்குகிறது என்று குழம்புகிறவர்கள் பலர் இப்படி ஊற்றியவர்களே.

அடுத்து, செடி நீரை உறிஞ்சும் நிலையில் இருக்கிறதா என்பது. இதற்கு ஒரு பழைய கதை உதவும். ஜெர்மனியில் பிறந்து, தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், நம்மூரில் ரணகள்ளி என்றும் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் அழைக்கப்படும் செடியின் இலையைக் கடித்துப் பார்த்திருக்கிறார். காலையில் இலை நன்றாகப் புளித்தது. நண்பகலில் ஏறக்குறையச் சுவையே இல்லை. மாலையில் லேசாகக் கசந்தது. இதை அவர் எழுதியனுப்ப, இயற்கை அறிவியலாளர்களின் சங்கமான லண்டன் லின்னேயன் கழகம் 1815இல் அச்சிட்டது. காரணம் வெகுகாலம் கழித்தே தெளிவாயிற்று. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுக்கின்றன. திறந்த துளைகள் வழியே நீரும் ஆவியாகிப் போகிறது. கள்ளி, கற்றாழை, ரணகள்ளி போன்றவை பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறக்கின்றன. இரவில் இழுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள்ளோ தண்டுக்குள்ளோ சேமித்து வைத்து, பகலில் அதைப் பிரித்து உணவு தயாரிக்கின்றன. காலையில் ஹெய்னின் நாவில் பட்ட புளிப்பு அந்த அமிலமே.

இது தண்ணீர் ஊற்றுவதற்கு எப்படிப் பொருந்துகிறது என்றால், இந்த ஏற்பாடு முழுவதும் இரவு குளிர்வதை நம்பியிருக்கிறது. சென்னையில் மே மாத இரவுகளில் வெப்பம் பெரும்பாலும் 27, 28 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றுவிடும். அப்படிப்பட்ட இரவுகளில் பல கள்ளிகளும், ரோஜாப் பூப்போல் இலைகளை அடுக்கியிருக்கும் எச்செவேரியா போன்ற சக்குலன்டுகளும் வாயுவைச் சரிவர இழுக்க முடியாமல் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. வளராத செடி குடிப்பது மிகக் குறைவு. பகலில் கொளுத்துகிறதே, பாவம், தாகமாக இருக்கும் என்று கத்திரி வெயிலில் தினமும் ஊற்றினால், குடிக்கப்படாத நீர் சூடான மண்ணில் தேங்கும். சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணில் அழுகல் மிக வேகமாகப் பரவும். கோடையில் தாராளமாக ஊற்று, குளிர்காலத்தில் நிறுத்து என்று ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்ட நூல்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி; அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழுகிறது, கோடை இரவு குளிர்ச்சியாக இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் கணக்கு மாறுகிறது. மழை ஓய்ந்து இரவுகள் இதமாக இருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே இங்கு பெரும்பாலான கள்ளிகள் நன்றாகக் குடித்து வளரும் காலம். ஏப்ரல், மே மாதங்களில் மண் காய்ந்த பிறகும் ஓரிரு நாள் பொறுத்து ஊற்றினால் போதும். மதிய வெயிலில் நிழல்வலை கட்டிவிடுவது தண்ணீரைவிடப் பெரிய உதவி. கோடை இடிமழைக்குப் பிறகு இரவு வெப்பம் தணியத் தணிய மீண்டும் கூட்டலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ள வேண்டும். அங்கே டிசம்பர், ஜனவரியில்தான் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

எல்லாச் செடிகளும் இந்த ஒரே கணக்குக்குள் வராது. பாலைவன ரோஜா எனப்படும் அடினியம் நம் வெயிலை விரும்பும் செடி. கோடையில் இலையும் பூவுமாக இருக்கும்போது நன்றாகவே குடிக்கும், மார்கழி, தை மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு நின்றால் தண்ணீரை வெகுவாகக் குறைக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஹவொர்த்தியா என்ற சிறு சக்குலன்டு கோடையில் ஓய்வெடுத்துக் குளிர்ந்த மாதங்களில் வளரும். கூழாங்கல்லைப் போலவே இருக்கும் லித்தாப்ஸ் இவற்றில் மிகவும் கறாரானது: பழைய இலை இரண்டும் வற்றி, அவற்றின் நீரைக் குடித்தே நடுவிலிருந்து புதிய இலைகள் வரும் காலத்தில் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. ஊற்றினால் பழைய இலை வற்றாமல் நின்று, செடி உருக்குலைந்துவிடும். எதிர்த்திசையில், கள்ளிக் குடும்பத்திலேயே காட்டு மரங்களின் மேல் தொற்றி வளரும் வகைகளும் உண்டு. நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று பெயர் பெற்று, நள்ளிரவில் பூக்கும் நாளில் அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூட்டிவிடும் அந்தச் செடி உண்மையில் மத்திய அமெரிக்கப் பகுதியின் மழைக்காட்டுக் கள்ளி. இமயமலையின் பிரம்ம கமலத்துக்கும் அதற்கும் உறவில்லை. டிராகன் பழச் செடியும் இதே வகை. இவற்றை வாரக்கணக்கில் காயப்போட வேண்டியதில்லை. மேல்மண் காய்ந்ததும் ஊற்றலாம். நிலத்தில் நட்டுவைத்த சதுரக்கள்ளி, திருகுகள்ளி, பிரண்டை ஆகியவை இந்த மண்ணுக்கு நன்றாகப் பழகியவை. வேர் பிடித்த பிறகு அவற்றுக்கு நாம் ஊற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது மண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் தவறான மண்ணில் சரியாகத் தண்ணீர் ஊற்றவே முடியாது. நர்சரியிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் முழுக்கத் தென்னை நார்க் கழிவில் வைக்கப்பட்டிருக்கும். அது ஈரமானால் வெகுநாள் ஈரத்தைப் பிடித்துவைக்கும்; ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டாலோ, சுருங்கித் தொட்டியின் ஓரத்திலிருந்து விலகி, ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி அடியில் ஒழுகிவிடும். ஒழுகுகிறதே என்று நாம் நிறுத்திவிடுவோம்; நடுக்கட்டி காய்ந்தபடியே இருக்கும். ஆகவே வாங்கிய சில வாரங்களுக்குள் வேரிலுள்ள நாரை மெல்ல உதிர்த்துவிட்டு மாற்றி நடுவது நல்லது. கலவையில் பாதிக்குமேல் கல்தன்மை உள்ள பொருளாக இருக்கட்டும்: சலித்துத் தூளை நீக்கிய பருமணல், செங்கல் சிறுஜல்லி, பெர்லைட், பியூமிஸ், எது கிடைக்கிறதோ அது. மீதி செம்மண்ணும் கொஞ்சம் மண்புழு உரமும். எம்சாண்ட் பயன்படுத்துவதென்றால் கழுவாமல் போடக்கூடாது. அதிலுள்ள கல்தூள் ஈரம் பட்டதும் சிமெண்டு பூசியதுபோல் இறுகிவிடும்.

தொட்டியின் அடியில் ஓட்டுத் துண்டும் கல்லும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருவது. ஆனால் அது நடப்பதில்லை. சமையலறையில் பாத்திரம் துலக்கும் பஞ்சை நீரில் முக்கி எடுத்துக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் மீண்டும் நீர் சொட்டும். நீர்க்கம்பம் உயரமாக இருந்தால்தான் புவியீர்ப்பு நீரைக் கீழே இழுத்து வெளியேற்றும். உயரம் குறைந்தால் நீர் நுண்துளைகளில் பிடிபட்டு நிற்கும். மண்ணும் அப்படித்தான். நுண்ணிய மண்ணிலிருந்து நீர் பெரிய கற்களுக்கு இடையே எளிதில் இறங்காது. மண்ணின் கடைசி அங்குலத்திலேயே தேங்கி நிற்கும். அடியில் இரண்டங்குலம் கல் போட்டால் அந்த ஈர அடுக்கு இரண்டங்குலம் மேலேறி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். துளையின் மேல் மண் ஒழுகாமலிருக்க ஒரு வலைத்துண்டை வைத்துவிட்டு, தொட்டி முழுவதும் ஒரே கலவையை நிரப்புவதே சரி. துளையில்லாத அழகுத் தொட்டியை, துளையுள்ள தொட்டியை உள்ளே இறக்கிவைக்கும் வெளியுறையாக மட்டும் பயன்படுத்தலாம். மண்தொட்டி நான்கு பக்கமும் நீரை ஆவியாக்கும். கை அதிகமாகத் தண்ணீர் ஊற்றும் பழக்கமுள்ளவருக்கு அதுவே காப்பு.

அடிமண் காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி வாங்க வேண்டியதில்லை. உப்புள்ள மண்ணிலும் கற்கள் நிறைந்த கலவையிலும் மலிவான கருவிகள் தவறாகவே காட்டும். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, சில நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். நுனி கருத்து ஈரமாக இருந்தாலோ மண் ஒட்டியிருந்தாலோ இன்னும் பொறுக்கலாம். ஊற்றியவுடன் ஒருமுறையும் நன்றாகக் காய்ந்த பின் ஒருமுறையும் தொட்டியைத் தூக்கிப் பார்த்தால், விரைவிலேயே எடையை வைத்தே கை சொல்லிவிடும்.

செடியின் உடலும் பேசும், ஆனால் அதைத் தவறாகப் படிக்க வாய்ப்பு உண்டு. தாகமுள்ள எச்செவேரியாவின் கீழிலைகள் நிறம் மாறாமல் மெலிந்து, தோலில் நுண்ணிய சுருக்கம் விழுந்து, பிறகு காகிதம்போல் காயும். நீர் மிகுந்த செடியின் இலையோ வெளிறி மஞ்சளாகி, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நீர் தெரிவதுபோல் ஊடுருவித் தெரியும். விரல் பட்டாலே உதிரும். மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது, அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: மண் ஈரமாக இருக்கும்போதே செடி சுருங்குவது. வேர் அழுகிப்போய்விட்டதால் ஈரம் இருந்தும் குடிக்க முடியாத நிலை அது. அதைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவது செடியை முடித்துவிடும். முழுக்க நனைத்து இரண்டு, மூன்று நாளாகியும் சுருக்கம் நிமிரவில்லை என்றால் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். உயிருள்ள வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். அழுகியது கருத்து, இழுத்தால் தோல் மட்டும் கழன்று வரும்.

ஊற்றும் நேரம் பெரிய விஷயம் அன்று, கோடையைத் தவிர. கோடை மதியத்தில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நீர் குழாயில் வெந்நீராகவே வருகிறது. மாடியில் கிடக்கும் ரப்பர் ஹோஸில் நிற்கும் முதல் நீர் கையையே சுடும். செடித் தொட்டிகளின் சூடு தணிந்த பிறகு மாலையிலோ, விடிகாலையிலோ ஊற்றுங்கள். ஈரக்காற்று நிறைந்த மழை மாதங்களில் காலையே நல்லது. இலைமேல் பட்ட நீர் பகலில் காய்ந்துவிடும். இலையடுக்கின் நடுக்குருத்தில் நீர் தேங்கவிடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். எச்செவேரியாவின் மேலுள்ள சாம்பல் பூச்சு வெயிலிலிருந்து காக்கும் மெழுகு. அதைக் கையால் துடைக்கவும் கூடாது. ஸ்பிரே பாட்டிலால் இலையை நனைப்பதால் வேருக்கு எதுவும் போய்ச் சேராது. ஒழுகி அடித்தட்டில் நிற்கும் நீரை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும்.

மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அதையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆர்ஓ கருவி கழித்துத் தள்ளும் நீர் அதற்கு நேர் எதிர். போர்வெல் நீரின் உப்பு அதில் இன்னும் அடர்த்தியாக இருக்கும், வேண்டாம். உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும் என்ற பகுதிகளில், மழைக்காலத்தின் முதல் நல்ல மழையில் தொட்டிகளை ஒருநாள் நனையவிட்டால் சேர்ந்த உப்பு கரைந்து இறங்கும். அரிசி கழுவிய நீரை எந்தச் செடிக்கும் ஊற்றிப் பழகிய வீடுகளில் சொல்லித் தடுப்பது கடினம். இருந்தாலும் அதை ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லக் காயும் மாவுச்சத்து கள்ளித் தொட்டியில் பூஞ்சையையும் கொசு போன்ற சிறு ஈக்களையுமே வளர்க்கும்.

சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. நல்ல கலவையில் இருக்கும் கள்ளியை இரண்டு மணிநேர மழை ஒன்றும் செய்யாது. வெயிலே இல்லாமல் தொடர்ந்து நான்கைந்து நாள் நனைவதுதான் ஆபத்து. மேலே ஒளி புகும் தகடோ பிளாஸ்டிக் தாளோ போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். நான்கு பக்கமும் மூடினால் மழைக்குப் பதில் புழுக்கத்தில் அழுகும். புயல் விலகி வெயில் சுள்ளென்று அடிக்கும் முதல் நாளில் சிறிது நிழல் வேண்டும். மங்கிய ஒளிக்குப் பழகிய தோல் ஒரே நாளில் வெந்து தழும்பாகிவிடும். இரண்டு வாரம் ஊருக்குப் போவதென்றால் ஒன்றும் செய்யாமல் போகலாம்; பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போனால்தான் கவலை.

அழுகல் கண்ணில் பட்டுவிட்டால் அன்றே அறுக்க வேண்டும். சுத்தமான கத்தியால் அழுகிய பகுதிக்கு மேலே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால், கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் மேலே வெட்டுங்கள். முகம் முழுவதும் ஒரே பச்சையாகவோ வெள்ளையாகவோ வரும்வரை நிறுத்த வேண்டாம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்ற பால் வடியும் வகைகளில் அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையான காயம் ஏற்படும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம். வெட்டிய துண்டை நிழலில் காற்றாட வைத்தால் சிறு சக்குலன்டுக்கு நான்கைந்து நாளிலும், தடித்த கள்ளித் தண்டுக்கு இரண்டு, மூன்று வாரத்திலும் வெட்டுமுகம் உலர்ந்து தடித்த தோலாக மாறும். அதன் பிறகு உலர்ந்த கலவையில் நிறுத்திவைத்து, தண்ணீர் ஊற்றாமல் காத்திருங்கள். மெல்ல அசைத்துப் பார்க்கும்போது துண்டு மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வேர் இறங்கிவிட்டது என்று பொருள்; முதல் தண்ணீரை அப்போது ஊற்றலாம்.